தீக்காய மரணங்களில் அட்ரீனல் சுரப்பி: திசு மாற்றங்களும் அவை காட்டும் காலமும்

தீக்காயத்தால் இறந்தவரின் உடலைப் பரிசோதிக்கும் மருத்துவரின் கவனம் முதலில் தோலிலும், அடுத்து மூச்சுக்குழாய், நுரையீரல், சிறுநீரகம் ஆகியவற்றிலும் செல்வது இயல்பு. சிறுநீரகங்களின் மேல்முனையில், கொழுப்புத் திசுவுக்குள் புதைந்து கிடக்கும் அட்ரீனல் சுரப்பிகள் இரண்டும் பல அறிக்கைகளில் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன. சிலவற்றில் அந்த ஒரு வரியும் இருப்பதில்லை. ஆனால் பரந்த தீக்காயத்துக்கு உடல் தரும் எதிர்வினையின் பெரும்பகுதி இவ்விரு சுரப்பிகளின் வழியாகவே நடைபெறுகிறது என்பதும், அந்த உழைப்பின் தடம் அவற்றின் திசுவில் பதிந்திருக்கிறது என்பதும் நெடுங்காலமாக அறியப்பட்ட செய்திகள். இத்தடங்களை இறப்பின் காரணமாகப் படிப்பதா, அல்லது காயத்துக்கும் இறப்புக்கும் இடையில் கழிந்த நேரத்தின் பதிவாகப் படிப்பதா என்பதுதான் இத்துறையின் அடிப்படைக் கேள்வி. கிடைத்துள்ள சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, ஒரேயொரு முக்கிய விலக்கு நீங்கலாக, இரண்டாவது வாசிப்பே பொருத்தமானது என்று இக்கட்டுரை கருதுகிறது.

நலமுள்ள வயதுவந்தவரிடம் ஒவ்வொரு அட்ரீனல் சுரப்பியும் 4 முதல் 5 கிராம் எடை கொண்டது. அதன் வெளிப்பகுதி புறணி எனவும், உட்பகுதி அகணி எனவும் வழங்கப்படும். எடையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு புறணிக்கே உரியது. புறணியில் மூன்று அடுக்குகள் உண்டு. உறையை ஒட்டி, செல்கள் உருண்டைத் தொகுதிகளாக அமைந்திருக்கும் மெல்லிய அடுக்கு சோனா குளாமருலோசா; உடலில் உப்பையும் நீரையும் தக்கவைக்கும் ஆல்டோஸ்டிரோன் இங்கே உருவாகிறது. அதற்கு உள்ளே, நீண்ட கற்றைகளாகச் செல்கள் அடுக்கப்பட்ட அகன்ற பகுதி சோனா ஃபாசிகுலேட்டா. நெருக்கடி நேரத்தில் குருதியழுத்தத்தையும் குளுக்கோஸ் அளவையும் காக்கும் கார்ட்டிசாலைச் சுரப்பது பெரும்பாலும் இதுவே. அகணியை ஒட்டிய வலைபோன்ற அடுக்கு சோனா ரெட்டிகுலாரிஸ். அகணியோ தோற்றத்தில் நரம்பு மண்டலத்தைச் சேர்ந்தது. நரம்புத் தூண்டல் வந்த சில நொடிகளில் அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் குருதிக்குள் விடுகிறது. இனி இக்கட்டுரையில் புறணியின் மூன்று அடுக்குகளும் முறையே வெளியடுக்கு, நடுவடுக்கு, உள்ளடுக்கு என்று குறிக்கப்படும்.

தீக்காய மரணங்களில் இச்சுரப்பி காட்டும் மாற்றங்களைப் புரிந்துகொள்ள அதன் வேதியியலில் ஒரு செய்தியும் குருதியோட்டத்தில் ஒரு செய்தியும் தேவை. புறணி தான் உருவாக்கும் ஹார்மோனைச் சேமித்து வைப்பதில்லை. அதற்கான மூலப்பொருளாகிய கொலஸ்டிராலை மட்டுமே எஸ்டர் வடிவில், நுண்ணிய கொழுப்புத் துளிகளாகச் செல்லுக்குள் சேமிக்கிறது. ஓய்வில் இருக்கும் புறணியை வெட்டிப் பார்த்தால் மஞ்சள் நிறம் தெரிவதற்கு இத்துளிகளே காரணம். மெழுகில் பதித்துச் சீவும் வழக்கமான முறையில் ஆல்கஹாலும் சைலீனும் இக்கொழுப்பைக் கரைத்துவிடுவதால், கொழுப்பு நிறைந்த செல்கள் நுண்ணோக்கியின் கீழ் நுரைபோல வெளுத்துத் தெரிகின்றன. இவை தெளிசெல்கள் எனப்படும். பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் ஏசிடிஎச் என்னும் தூண்டு ஹார்மோன் கட்டளையிட்டதும் சேமிப்பு செலவாகிறது. செல் சுருங்கி, ஈயோசின் சாயத்தை அழுத்தமாக ஏற்று, இளஞ்சிவப்பாக அடர்ந்து தோன்றுகிறது. இதனை அடர்செல் என்பர். தெளிசெல் அடர்செல்லாக மாறுவது ஒரு நோயின் அடையாளம் அன்று, சுரப்பி வேலை செய்ததன் அடையாளம். கொழுப்பின் அளவை நேரடியாக அறிய வேண்டுமானால் திசுவை உறையவைத்துச் சீவி, ஆயில் ரெட் ஓ அல்லது சூடான் சாயத்தால் பார்க்க வேண்டும். மெழுகுச் சீவல்களை மட்டும் வைத்து எழுதப்பட்ட முடிவுகளை ஓரளவு எச்சரிக்கையோடுதான் ஏற்க இயலும்.

குருதியோட்டத்தின் அமைப்பு இன்னும் விசித்திரமானது. பெருந்தமனி, உதரவிதானத் தமனி, சிறுநீரகத் தமனி ஆகிய மூன்றிலிருந்தும் கிளைக்கும் ஏறத்தாழ ஐம்பது சிறு தமனிகள் சுரப்பியின் உறைக்கு அடியில் ஒரு வலைப்பின்னலை அமைக்கின்றன. அங்கிருந்து குருதி மெல்லிய குழல்களின் வழியே புறணியைக் கடந்து அகணிக்கு வந்து, பெரும்பாலும் ஒரே ஒரு மையச் சிரையின் வழியாக வெளியேறுகிறது. உள்வரும் பாதைகள் பல, வெளியேறும் பாதை ஒன்று என்ற இந்த அமைப்பினால், உள்வரவு திடீரெனப் பெருகினாலோ வெளியேற்றம் தடைபட்டாலோ உள்ளடுக்கை ஒட்டிய குழல்களில் அழுத்தம் ஏறுகிறது. அம்மையச் சிரையின் சுவரில் தடித்த தசைக்கற்றைகள் இருப்பதும், அச்சிரை அட்ரினலின் மிகுந்த குருதியில் எப்போதும் தோய்ந்திருப்பதும் இவ்விடத்தை மேலும் பலவீனப்படுத்துகின்றன.

இந்த ஆய்வின் வரலாறு தீக்காய மருத்துவத்தின் வரலாற்றோடு பின்னியது. இத்தாலிய உடற்கூற்றியலர் பார்த்தொலோமியோ யுஸ்தாக்கி 16ஆம் நூற்றாண்டிலேயே இச்சுரப்பியை விவரித்தார். ஆயினும் அது உயிருக்கு இன்றியமையாதது என்பது 1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன், சுரப்பி அழிந்தவர்களின் நோய்க்கூட்டத்தை வெளியிட்ட பிறகும், அடுத்த ஆண்டில் பிரௌன்-செக்கார் விலங்குகளிலிருந்து சுரப்பியை அகற்றிக் காட்டிய பிறகுமே தெளிவாயிற்று. மற்றொரு புறம், 1842இல் லண்டன் அறுவை மருத்துவர் தாமஸ் பிளிஸார்டு கர்லிங், தீக்காயம் பட்டவர்களின் முன்சிறுகுடலில் புண் தோன்றுவதை எழுதினார். 1897இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த சார்லஸ் பார்டீன், தீக்காயத்தால் விரைந்து இறந்த குழந்தைகளின் நிணநீர்த் திசுக்கள் சிதைந்திருப்பதை விவரித்தார். 1936இல் ஹான்ஸ் செலியே, வெவ்வேறு வகைத் தாக்குதலுக்கு ஆளான எலிகளில் மூன்று மாற்றங்கள் ஒருசேர வருவதாக 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கடிதமாக எழுதினார்: அட்ரீனல் புறணி பெருத்தல், தைமஸ் உள்ளிட்ட நிணநீர்த் திசுக்கள் சுருங்குதல், இரைப்பை, குடல் பகுதியில் புண் தோன்றுதல். இவற்றில் பின்னிரண்டும் தீக்காய உடல்களில் அவருக்கு முன்பே தனித்தனியாகக் கண்டறியப்பட்டவை என்பதும், அவற்றை இணைக்கும் கண்ணியாக அட்ரீனலைக் கண்டதே செலியேயின் பங்களிப்பு என்பதும் இங்கே நினைவுகொள்ளத் தக்கவை. மனித உடலுக்குத் திட்டமிட்டுச் செய்ய முடியாத சோதனையைத் தீ செய்துவிடுகிறது; அதனால்தான் தீக்காய மரணங்கள் இக்கோட்பாட்டின் மிகக் கடுமையான உரைகல்லாக அமைந்தன.

காலத்தின் முக்கியத்துவத்தை விளக்க, 1942 நவம்பர் 28 அன்று பாஸ்டன் நகரின் கோகோநட் குரோவ் இரவு விடுதியில் நேர்ந்த தீவிபத்தைக் கருதலாம். அதில் 492 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் புகையாலும் கார்பன் மோனாக்சைடாலும் நிமிடங்களுக்குள் மாண்டவர்கள்; வேறு சிலர் மருத்துவமனையில் மணிக்கணக்காக, நாள்கணக்காக உயிரோடு இருந்து இறந்தவர்கள். ஒரே இடம், ஒரே தீ, ஒரே இரவு. ஆனால் அட்ரீனலைப் பொறுத்தவரை இவ்விரு குழுவினரும் வெவ்வேறு நோயால் இறந்தவர்கள் போன்றே கருதப்பட வேண்டியவர்கள். அவ்விபத்தின் நோய்க்கூற்றியலை 1943இல் எழுதிய மல்லோரியும் பிரிக்லியும் நுரையீரலையே முதன்மைப் பொருளாகக் கொண்டனர். மூச்சுப்பாதைக் காயம் என்ற கருத்து அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

நிமிடங்களுக்குள் நேர்ந்த மரணத்தில் புறணியின் மஞ்சள் நிறம் கெடாமல் இருக்கும். நடுவடுக்கு தெளிசெல்களால் நிறைந்திருக்கும்; எடை இயல்பான எல்லைக்குள் இருக்கும்; குருதிக்குழல்கள் மட்டும் விரிந்து நிறைந்து காணப்படலாம். கார்பன் மோனாக்சைடு மிகுந்திருந்தால் மற்ற உறுப்புகளைப் போலவே இதுவும் செந்நிறச் சாயலைக் காட்டும். சேமிப்பு குறைவதற்குச் சில மணி நேரமாவது தேவை என்பதால், தீக்களத்திலேயே இறந்ததாகச் சொல்லப்படும் ஒருவரின் புறணி முழுவதும் கொழுப்பிழந்து கிடந்தால், அவர் சொல்லப்பட்டதைவிட நீண்ட நேரம் துன்புற்றாரா, அல்லது தீக்கு முன்பே வேறு நோயால் நலிந்திருந்தாரா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டில் எது என்பதைச் சுரப்பி தனித்துச் சொல்லாது.

இறப்புக்குப் பிந்தைய மாற்றங்கள் இக்கட்டத்தில் பெரிய தடை. அகணி மிக விரைவில் தானே கரையும் இயல்புடையது. இறந்து சில மணி நேரத்தில் புறணிக்கும் அகணிக்கும் இடையே பழுப்பு நிறக் குழம்பு நிறைந்த பிளவு தோன்றிவிடும். முற்காலத்து உடற்கூற்றியலர் இச்சுரப்பியை உள்ளீடற்ற பை என்று நம்பியதற்கு இதுவே காரணம். தமிழ்நாட்டின் கோடையில், குளிர்பதனம் இல்லாமல் ஓரிரவு வைக்கப்பட்ட உடலில் இம்மாற்றம் இன்னும் முந்திக்கொள்ளும். அதனை உயிருள்ளபோது நேர்ந்த திசு இறப்பாகத் தவறாகக் கொள்ளும் வாய்ப்பு மெய்யானது. செல் சிதைந்தும் அதனைச் சுற்றி வெள்ளணுக்களோ ஃபைப்ரின் இழைகளோ இல்லாதிருப்பின், அது இறப்புக்குப் பிந்தைய கரைவு என்று கொள்வதே நெறி. தீயின் நேரடி வெப்பத்தைப் பொறுத்தவரை, சுற்றிலும் உள்ள கொழுப்பும் முதுகுத் தசைகளும் சுரப்பியைக் காப்பதால், உடல் பெருமளவு கருகி வயிற்றுச் சுவர் திறந்தாலன்றி அங்கே வெப்பச் சிதைவு எளிதில் எட்டுவதில்லை.

முதல் நாளிலிருந்து மூன்றாம் நாள் வரை இறந்தவர்களிடம்தான் இச்சுரப்பியின் மிகத் தெளிவான மாற்றம் காணப்படுகிறது. உடற்பரப்பில் பெரும்பகுதி வெந்தவுடன் குருதிக் குழல்களிலிருந்து நீரும் புரதமும் கசிந்து, குருதியின் கன அளவு குறைந்து, தீக்காய அதிர்ச்சி எனப்படும் நிலை உண்டாகிறது. வலியும் அச்சமும் சிதைந்த திசுவிலிருந்து வரும் வேதிச் செய்திகளும் சேர்ந்து ஏசிடிஎச்சை உச்சத்துக்குக் கொண்டுசெல்கின்றன. இதன் விளைவான கொழுப்பிழப்பு எங்கே தொடங்குகிறது என்பதைத் துல்லியமாக விளக்கிய பெருமை 1950களில் கிளாஸ்கோவில் பணியாற்றிய தாமஸ் சைமிங்டனுக்கும் அவருடைய குழுவினருக்கும் உரியது. உள்ளடுக்கை ஒட்டிய விளிம்பில் தெளிசெல்கள் முதலில் அடர்செல்களாக மாறுகின்றன என்றும், இம்மாற்றம் அங்கிருந்து வெளிநோக்கிப் பரவுகிறது என்றும் அவர்கள் காட்டினர். ஆகவே அடர்செல் பட்டை நடுவடுக்கில் எவ்வளவு தூரம் வெளியே ஏறியிருக்கிறது என்பது தூண்டல் எவ்வளவு கடுமையாக, எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கு ஒரு தோராய அளவுகோலாகிறது. வெட்டிய முகத்தில் மஞ்சள் நிறம் மங்கிப் பழுப்பாக மாறுவதை வெறுங்கண்ணாலும் காணலாம். சில இடங்களில் மட்டும் கொழுப்பு எஞ்சி, திட்டுத்திட்டாகத் தெரிவதும் உண்டு.

இதே காலகட்டத்தில் விவாதத்துக்குரிய மற்றொரு மாற்றமும் தோன்றுகிறது. நடுவடுக்கின் கற்றைகளில் உட்பக்கச் செல்கள் சிதைந்து, கற்றை குழாய்போல உள்ளீடற்றதாகி, அதனுள் புரதக் கசிவும் செல் எச்சங்களும் நிரம்புகின்றன. ஜான்ஸ் ஹாப்கின்ஸைச் சேர்ந்த ஆர்னால்டு ரிச் 1944இல் கடுந்தொற்றால் இறந்தவர்களிடம் இதனை விவரித்து, குருதியோட்டச் சரிவுக்கு இது காரணமாகலாம் என்று கருதினார். இம்மாற்றம் தொற்றுக்கு மட்டும் உரியதன்று. தீக்காய மரணங்களிலும் காணப்படுகிறது. ஆனால் ரிச்சின் விளக்கத்தை அப்படியே ஏற்பதற்குத் தடை ஒன்று உண்டு. புறணியின் செயல் தேவைக்குக் கீழே விழ வேண்டுமானால், இரு சுரப்பிகளிலும் சேர்த்து ஏறத்தாழ 90 விழுக்காடு அழிந்திருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. குழாய்ச் சிதைவோ பெரும்பாலும் திட்டுகளாகவே காணப்படுகிறது. ஆகவே அதனைச் சரிவின் காரணமாகக் கொள்வதைவிட, குருதியோட்டச் சரிவும் மிகைத் தூண்டலும் சேர்ந்து விட்டுச்சென்ற விளைவாகக் கொள்வதே பொருந்துகிறது.

ஒரு வாரத்தைக் கடந்து உயிர்வாழ்ந்து இறந்தவர்களின் சுரப்பி வேறொரு தோற்றம் கொள்கிறது. திடீர் மரணமடைந்த வயதுவந்தவரிடம் சராசரியாக 4 கிராம் இருக்கும் சுரப்பி, நீண்ட நோயில் இறந்தவரிடம் 6 கிராமையும் எட்டுகிறது. நீடித்த தீக்காய நோயிலும் இத்தகைய பெருக்கம் எதிர்பார்க்கத்தக்கது. செல்கள் பெருத்தும் எண்ணிக்கையில் கூடியும் இருப்பதால் புறணி தடிக்கிறது. அடர்செல்கள் உறைவரை எட்டி, வெளியடுக்கு ஆங்காங்கே மறைந்துபோனதுபோலத் தோன்றும். நோயாளி இடையில் தேறியிருந்தால் புறணியில் கொழுப்பு மீண்டும் சேரத் தொடங்கும். பின்னர் தொற்று வந்து இறந்தால் இரு கட்டங்களும் ஒரே சீவலில் அருகருகே தெரியும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களோ கேண்டிடா பூஞ்சையோ குருதியில் பரவிய நிலையில், சுரப்பிக்குள் நுண்ணிய சீழ்க்குவியங்களும், குருதியுறைவு ஒழுங்கு குலைந்ததன் அடையாளமாக மென்குழல்களில் ஃபைப்ரின் கட்டிகளும் காணப்படலாம். லிம்போசைட்டுகள் சிறு கூட்டங்களாக உள்ளடுக்கில் இருப்பது நலமுள்ள முதியோரிடமும் காணப்படும் செய்தி. அதற்குத் தனிப் பொருள் கற்பிப்பது தேவையற்றது.

நீடித்த நோயில் சுரப்பி பெருத்திருப்பதால் அது நன்றாக இயங்கியது என்று முடிவு கட்டிவிட இயலாது என்பதை, பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேட்டா வான் டென் பெர்கேயின் குழு அண்மைக் காலத்தில் தெளிவுபடுத்தியது. தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் குருதியில் கார்ட்டிசால் உயர்ந்திருப்பதற்கு உற்பத்தி பெருகியதைவிட, அது சிதைந்து வெளியேறுவது பாதிக்கும் மேலாகக் குறைந்ததே பெரிய காரணம் என்று 2013இல் அவர்கள் வெளியிட்டனர். உற்பத்தி இருமடங்கைக்கூட எட்டவில்லை. அடுத்த ஆண்டில், வாரக்கணக்கில் சிகிச்சையில் இருந்து இறந்தவர்களின் அட்ரீனல் திசுவில் கொலஸ்டிரால் எஸ்டர் வற்றியிருப்பதையும், அடுக்குகளின் ஒழுங்கு குலைந்திருப்பதையும், ஏசிடிஎச்சால் இயக்கப்படும் மரபணுக்களின் செயல் தாழ்ந்திருப்பதையும் காட்டினர். குறுகிய நாள்களில் இறந்தவர்களிடம் இவை இல்லை. தீவிர சிகிச்சை நோயாளிகள் அனைவரும் தீக்காயம் பட்டவர்கள் அல்லர் என்பது உண்மையே. எனினும் தீக்காய நோயாளியின் குருதியில் கொலஸ்டிரால் கடுமையாகக் குறைவது அறியப்பட்ட செய்தியாதலால், மூலப்பொருள் வரத்து வறண்ட சுரப்பி என்ற விளக்கம் இங்கும் பொருந்துவதற்கு வலுவான அடிப்படை உண்டு. ஆக, முதல் நாள்களின் கொழுப்பிழப்பும் மூன்றாம் வாரத்தின் கொழுப்பிழப்பும் நுண்ணோக்கியில் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றினாலும், முன்னது முழுவீச்சில் உழைக்கும் சுரப்பியைக் காட்டுகிறது; பின்னது தூண்டலும் பொருளும் குன்றிய சுரப்பியைக் காட்டக்கூடும். நோயாளி உயிரோடிருந்த நாள்களின் எண்ணிக்கை அறிக்கையில் இல்லாவிட்டால் இவ்விரண்டையும் பிரிக்க வழியில்லை.

தொடக்கத்தில் குறிப்பிட்ட விலக்கு, இருபுற அட்ரீனல் இரத்தக்கசிவு. பொதுவான சவப் பரிசோதனைகளில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்கும் குறைவாகவோ காணப்படும் இம்மாற்றம், கடும் அதிர்ச்சி, குருதியில் பரவிய தொற்று, பரந்த தீக்காயம் ஆகியவற்றில் அதிகரிக்கிறது. மூளைக்காய்ச்சல் கிருமியால் குழந்தைகளிடம் வரும் இத்தகைய கசிவை 1911இல் வாட்டர்ஹவுஸும் 1918இல் ஃபிரிடெரிக்சனும் விவரித்தனர். காயத்துக்குப் பின் வரும் கசிவைப் பர்மிங்ஹாம் விபத்து மருத்துவமனையின் நோய்க்கூற்றியலர் சைமன் செவிட் 1955இல் தனியே ஆராய்ந்தார். தீக்காயத்தில் இது உருவாகும் வழி, மேலே சொன்ன குருதியோட்ட அமைப்பிலிருந்தே விளங்குகிறது. ஏசிடிஎச்சின் தூண்டலால் சுரப்பிக்குள் வரும் குருதி பலமடங்கு பெருகுகிறது. அதே வேளையில் உச்சத்தில் இருக்கும் அட்ரினலின் மையச் சிரையைச் சுருங்கச் செய்து, தட்டணுக்களை அங்கே ஒட்டவைக்கிறது. சிரையில் கட்டி உருவாகிறது. வெளியேற வழியற்ற குருதி உள்ளடுக்கை உடைத்துக்கொண்டு பரவுகிறது. இதற்குமேல் தொற்றினால் உறைவுக் காரணிகள் தீர்ந்துபோதலும், உறைவெதிர் மருந்தாகத் தரப்படும் ஹெப்பாரினும் சேரும்போது கசிவு பெருகுகிறது.

நுண்ணோக்கியில் இக்கசிவுக்குப் படிநிலைகள் உண்டு. அகணிக்கும் உள்ளடுக்குக்கும் இடையே சில குழல்கள் உடைந்து, செவ்வணுக்கள் சிறு ஏரிபோலத் தேங்கியிருப்பது மிக எளிய நிலை. இது பல தீக்காய உடல்களில் காணக்கூடியது, செயல் அளவில் பொருளற்றது. அடுத்த நிலையில் கசிவு நடுவடுக்கின் கற்றைகளுக்கிடையே ஏறி, செல்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கிறது. இறுதி நிலையில் சுரப்பி முழுவதும் கருஞ்சிவப்புப் பையாக ஊதி, உறைக்கு அடியில் ஒரு மெல்லிய செல் பட்டை மட்டுமே எஞ்சுகிறது. உறைக்கடி வலைப்பின்னலிலிருந்து நேரே குருதி பெறுவதால் அப்பட்டை தப்பிப்பிழைக்கிறது; நோயாளி உயிர் வாழ்ந்தால் மீளுருவாக்கம் அங்கிருந்தே தொடங்கும். ஒரு சுரப்பி மட்டும் இவ்வாறு அழிந்தால் மற்றொன்று ஈடுகொடுக்கும். விபத்தில் நேரடி அடியால் வரும் கசிவு பெரும்பாலும் வலப்புறத்தில் மட்டும் அமைவதால், தீயோடு விழுதலோ வெடிப்போ சேர்ந்த நிகழ்வுகளில் ஒருபுறக் கசிவைத் தீக்காயத்தின் கணக்கில் எழுதிவிடாமல் இருப்பது நல்லது. இரண்டும் முற்றாக அழிந்த நிலை மட்டுமே, காலத்தின் பதிவு என்ற எல்லையைக் கடந்து, இறப்பின் காரணம் என்ற தகுதியைப் பெறுகிறது.

துயரமான செய்தி என்னவென்றால், இந்நிலையை உயிரோடிருக்கும்போது கண்டறிவது மிகக் கடினம். நீரேற்றியும் ஏறாத குருதியழுத்தம், காய்ச்சல், வயிற்றிலோ விலாவிலோ வலி, குழப்பம், குருதியில் சோடியம் குறைந்து பொட்டாசியம் கூடுதல் ஆகியவை அட்ரீனல் செயலிழப்பின் அறிகுறிகள்; இவை ஒவ்வொன்றும் பரந்த தீக்காயம் பட்டவரிடம் வேறு காரணங்களாலும் வரக்கூடியவை. மருத்துவர் தொற்றைத் தேடிக்கொண்டிருக்கும் வேளையில் சுரப்பி அழிந்துகொண்டிருக்கலாம். கார்ட்டிசால் அளவைப் பார்த்து ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி போட்டால் காப்பாற்றியிருக்கக்கூடிய சிலர், சவப் பரிசோதனை மேசையில்தான் அடையாளம் காணப்படுகின்றனர். அட்ரீனலை ஒவ்வொரு தீக்காய உடலிலும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

நாட்டின் நோய்ச்சூழலும் இங்கே கணக்கில் வர வேண்டும். அடிசன் விவரித்த நோயாளிகளில் பலருக்குச் சுரப்பியை அழித்தது காசநோய். இந்தியாவில் காசநோயும் ஹிஸ்டோபிளாஸ்மா பூஞ்சைத் தொற்றும் இன்றும் அட்ரீனல் அழிவுக்குக் காரணங்களாக உள்ளன. அத்தகைய சுரப்பியோடு நடமாடிக்கொண்டிருந்த ஒருவருக்குச் சிறிய தீக்காயம்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். காயத்தின் பரப்பு குறைவாயிருந்தும் விரைந்து இறந்தவர்களிடம் இவ்வாய்ப்பைத் தேடிப் பார்ப்பது அவசியம். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுங்காலம் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டவரின் புறணி, நீடித்த நோயில் பெருக்கும் சுரப்பிக்கு நேர்மாறாக மெலிந்து, உறை மட்டும் தடித்துத் தெரியும். பெருத்திருக்க வேண்டிய நாளில் சுரப்பி மெலிந்திருப்பது, பெருத்திருப்பதைவிடக் கூடுதலாகப் பேசும் சான்று.

அகணியைப் பற்றிய அறிவு புறணியைப் பற்றியதைவிடக் குறைவு. விரைந்து கரையும் அதன் இயல்பே அதற்குக் காரணம். அட்ரினலின் நிறைந்த நுண்மணிகளைக் குரோமியம் உப்பால் பழுப்பாக்கிக் காட்டும் பழைய முறைக்குப் புத்தம் புதிய திசு வேண்டும். அம்மணிகளில் அட்ரினலினோடு தங்கியிருக்கும் குரோமோகிரானின் ஏ என்ற புரதம் நீண்ட நேரம் நிலைப்பதால், நோயெதிர்ப் புரதச் சாயமுறையில் அதனைக் காண்பது இப்போதைய வழக்கம். ஜப்பானில் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தின் தடயவியல் மருத்துவத் துறையினர் இறந்தவரின் குருதியிலும் அகணியிலும் இப்பொருள்களை அளந்து, இறப்பின் வகையோடு ஒப்பிட்டுத் தொடர்ச்சியாக ஆராய்ந்துள்ளனர். நெடுநேர நெருக்கடியில் மணிகள் குறைந்து செல்கள் வெற்றிடங்களோடு தோன்றுவது எதிர்பார்க்கத் தக்கதே. ஆனால் உயிர்காக்கும் முயற்சியில் ஏற்றப்பட்ட அட்ரினலின் ஊசியும், இறக்கும் தறுவாயின் பேரெழுச்சியும் குருதி அளவுகளைக் குழப்புவதால், இச்சான்றுக்குத் துணைச்சான்றுக்கு மேற்பட்ட மதிப்பு தர இப்போதைக்கு இடமில்லை.

திசுவில் கண்டது சிகிச்சைக்கு எவ்வாறு வழிகாட்டியது என்ற கேள்விக்கு விடை கலவையானது. சுரப்பி களைத்துவிடுகிறது என்ற எண்ணத்தில், 1941இல் அமெரிக்காவின் ரோட்ஸ், வுல்ஃப், லீ ஆகியோர் தீக்காய அதிர்ச்சிக்கு அட்ரீனல் புறணிச் சாற்றைப் பயன்படுத்தி எழுதினர். கார்ட்டிசோன் கைக்கு வந்த பின்னர், 1950களின் தொடக்கத்தில் அதுவும் ஏசிடிஎச்சும் முயன்று பார்க்கப்பட்டன. பெரும்பாலான நோயாளிகளிடம் குறைவாயிருந்தது ஹார்மோன் அன்று, குருதிக் குழலுக்குள் இருக்க வேண்டிய நீரே. நீரேற்று முறைகள் செம்மையானபோது அம்முயற்சிகள் கைவிடப்பட்டன. அகணியின் பக்கம் வந்த விளைவு உறுதியானது. 1974இல் டக்ளஸ் வில்மோரும் குழுவினரும் தீக்காய நோயாளியின் உடல் அடங்காமல் எரிபொருளைச் செலவழிப்பதற்கு அட்ரினலின் வகைப் பொருள்களே இடைநிலைக் காரணம் என்று காட்டினர். 2001இல் டேவிட் ஹெர்ன்டனின் குழு, கடுந்தீக்காயம் பட்ட 25 குழந்தைகளை ஆராய்ந்து, அட்ரினலினின் செயலைத் தடுக்கும் புரொப்ரனோலால் மருந்து தரப்பட்டவர்களிடம் தசைப்புரதச் சிதைவு மாறுவதை நிறுவியது. ஒருபுறம் சுரப்பியின் மிகைச்செயலை அடக்க வேண்டியிருக்கிறது, மறுபுறம் சிலரிடம் அதன் செயலிழப்பை ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. எட்டோமிடேட் என்னும் மயக்க மருந்து கார்ட்டிசால் உற்பத்தியின் ஒரு நொதியைத் தடுக்கிறது என்பது 1980களில் வெளிப்பட்ட பிறகும், மூச்சுக்குழாய் பொருத்துகையில் அதன் பயன்பாடு பற்றிய விவாதம் முடியவில்லை. மருத்துவக் குறிப்பில் அம்மருந்து இருந்தால், சுரப்பியைப் பார்ப்பவர் அதனை அறிந்திருக்க வேண்டும்.

இந்தியாவில் இக்கேள்விக்குத் தனி எடை உண்டு. 2001ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 1,63,000க்கும் மேற்பட்டோர் தீயால் இறந்ததாகவும், அவர்களுள் ஏறத்தாழ 1,06,000 பேர் பெண்கள், அவர்களிலும் பெரும்பகுதியினர் 15 முதல் 34 வயதுக்குட்பட்டவர்கள் என்றும் 2009இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் தீக்காயத்தால் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை நடைபெறுகிறது. எப்போது தீப்பிடித்தது, எப்போது மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார், மரண வாக்குமூலம் தரும் நிலையில் இருந்தாரா என்பவை நீதிமன்றத்தில் கேட்கப்படும் கேள்விகள். அட்ரீனல் திசு மணிக்கணக்கைச் சொல்லும் கருவி அன்று. அவ்வாறு சாட்சியம் அளிப்பது அறிவியலுக்கு முரண். எனினும் நிமிடங்களா, ஒன்றிரண்டு நாள்களா, வாரங்களா என்ற அளவிலான வேறுபாட்டை அது காட்டும். வீட்டில் மறைத்து வைக்கப்பட்டுத் தாமதமாகக் கொண்டுவரப்பட்டார் என்ற ஐயம் எழும் வழக்குகளில் அந்த அளவே பயன்படும்.

கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு போன்ற இடங்களில் நோயாளி சேர்ந்த நேரம், வெந்த பரப்பின் விழுக்காடு, தரப்பட்ட மருந்துகள் ஆகிய அனைத்தும் எழுத்தில் இருக்கின்றன. அதே வளாகத்தில் சவப் பரிசோதனையும் நடைபெறுகிறது. வேதிப் பகுப்பாய்வுக்காக உள்ளுறுப்புகளை உப்புக்கரைசலில் இடும் வழக்கம் நிலைபெற்றிருப்பதுபோல, அட்ரீனல்களைத் திசு ஆய்வுக்காக ஃபார்மலினில் இடும் வழக்கம் நிலைபெற்றால், உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத தொடர்வரிசை இங்கே உருவாகும். அதற்குத் தேவையானவை சில: சுற்றியுள்ள கொழுப்பை நீக்கி, வலம் இடம் எனத் தனித்தனியாக எடை பார்த்தல், நீளத்துக்குக் குறுக்காகப் பல துண்டுகளாக வெட்டி, மையச் சிரை தெரியும் துண்டைக் கட்டாயம் சேர்த்தல், ஒரு துண்டையேனும் மெழுகில் பதிக்காமல் கொழுப்புச் சாயத்துக்கு ஒதுக்குதல், காயம் பட்ட நேரம், இறந்த நேரம், பரிசோதனை தொடங்கிய நேரம் மூன்றையும் திசுப் படிவத்திலேயே எழுதுதல். கடைசியாகச் சொன்ன மூன்று நேரங்களும் இல்லாத சீவலை, எவ்வளவு தேர்ந்த கண் பார்த்தாலும், கொழுப்பு வற்றியது என்பதற்கு மேல் அதில் எதையும் படிக்க முடியாது.